யாரும் ஓட்டாத விமானம்

வைட்ஃபீல்டில் என் மகன் வாங்கியிருக்கும் வீடு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. விமானப்படையை விட்டு வந்த பிறகும் எனக்கு உயரம் குறையவில்லை என்று இங்கே கேலி செய்கிறார்கள். லிஃப்டில் பார்க்கிற பிள்ளைகள், "அங்கிள், ஏர்ஃபோர்ஸுக்கு ட்ரை பண்ணலாமான்னு யோசிக்கிறேன், உங்க எக்ஸ்பீரியன்ஸ் சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? போன மாதம் எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு பைலட் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். பெண்களும் போர் விமானம் ஓட்டலாம் என்று ஆகிவிட்ட காலம், சந்தோஷம். "இந்த வேலைக்கு முக்கியமா என்ன வேணும் அங்கிள், தைரியமா, கண்ணா, கணக்கா?" என்றாள். மூன்றும் வேண்டும்தான். ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறு ஒன்று. அதை உட்கார்ந்து எழுதினால்தான் சரியாக வரும் என்று எழுதுகிறேன்.

என் பெயர் தனபால். விங் கமாண்டராக ஓய்வு பெற்றவன். பிறந்தது அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுனில். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய நாற்பத்தேழில் நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஊரெல்லாம் கொடி, மிட்டாய். எங்கள் தெருவில் கொடியும் மிட்டாயும் இருந்தன, கூடவே கவலையும் இருந்தது. துரைமார் வீடுகளில் சமையல், தோட்டம், குதிரை லாயம் என்று பிழைத்தவர்கள் பாதிப் பேர். அவர்களுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. என் அப்பா தப்பித்தார். அவர் விமானத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார்.

சில வருஷங்களில் அந்தத் தொழிற்சாலையிலேயே, நம் ஆட்களே, ஒரு பயிற்சி விமானத்தை வடிவமைத்துச் செய்து பறக்க விட்டார்கள். ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் உட்காரும் சின்ன விமானம். அதன் உடம்பில் மூவண்ண வட்டத்தை அடித்த கைகளில் என் அப்பாவின் கையும் ஒன்று. அது எங்கள் ஓட்டு வீட்டுக்கு மேலே பறந்தபோது அப்பா சட்டை கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து, "பாரு, பாரு, அது நான் அடிச்ச பெயின்ட்டு" என்று கத்தினார்.

"இத ஓட்டறது யாருப்பா?" என்று கேட்டேன்.

"ஆபீசருங்க."

"நம்ம ஏரியா ஆளுங்க யாராச்சும் ஓட்டறாங்களா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். "இதுவரிக்கும் இல்ல," என்றார்.

அந்த 'இதுவரைக்கும்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானப்படைக்குப் போனேன். அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "ஏண்டா, வானத்துல சுத்தறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பது அவள் கவலை. பக்கத்து வீட்டுத் தையற்காரர், "தனபாலு மேல போய்ட்டா கீழ வர்றப்ப எங்க ஓட்டு மேல எறங்கிடப் போறான்" என்பார். தேர்வில் என்னை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதே தையற்காரர் எனக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்து, அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். ஓடினோம், திட்டு வாங்கினோம், முள்கரண்டியால் சாப்பிடப் பழகினோம். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். நான் விமானத்தை இறக்குவதைப் பார்த்த பிறகு அவர்கள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இறக்கைச் சின்னத்தை மார்பில் குத்தியபோது அப்பா அங்கே வந்திருந்தார். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைச் சொந்த ஊருக்கே மாற்றினார்கள். பழுது பார்த்து வரும் விமானங்களை வானத்தில் ஓட்டிச் சோதித்து, 'இது சரி, இது சரியில்லை' என்று சொல்லும் சின்னப் பிரிவு எங்களுடையது. அதன் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹ்ரா.

மெஹ்ரா பஞ்சாபி. பிரிவினையில் வீட்டையும் நிலத்தையும் அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்த குடும்பம். பெங்களூருக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் நாம் திட்டு வாங்குகிறோம் என்பதே தெரியும். பேசுவது இங்கிலீஷ், இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

பறப்பதற்கு முன்னால் அவர் விமானத்தைச் சுற்றி வருவதைப் பார்க்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கையுறை கிடையாது. இடது இறக்கையின் அடியில் தொடங்கி, ஒவ்வொரு கீலையும் வெறும் விரலால் அழுத்தி, ஆட்டி, முகர்ந்து, வாலைச் சுற்றிக்கொண்டு மறுபடி மூக்குக்கு வருவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். நேராக இடது இறக்கைக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவார். அதற்குப் பயந்து தளத்தில் இருந்த எல்லோரும் அந்த நேரத்தில் மூச்சுக் கூட மெதுவாகத்தான் விடுவோம்.

அவர் உயிரை விடுகிற இன்னொரு விஷயம், கன்ட்ரோலை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குவது. பயிற்சி விமானத்தில் முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் ஆளுக்கொரு கன்ட்ரோல் கம்பி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது. அதைவிட முக்கியம், இரண்டு பேரும் ஓட்டாமல் இருந்துவிடக் கூடாது. அதனால் கொடுப்பவர் "கன்ட்ரோல் உன்னிடம்" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் "கன்ட்ரோல் என்னிடம்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். பேசும் கருவி கெட்டுவிட்டால், கொடுப்பவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு ஃப்ளைட் லெப்டினன்ட் முழு வாக்கியத்தையும் சொல்லாமல் "ஓகே சார்" என்று சொன்னதற்காக அவனை ஒரு வாரம் தரையிலேயே உட்கார வைத்தவர் மெஹ்ரா.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த விமானம் வந்தது.

ஊருக்கு வடக்கே இருந்த ஒரு பயிற்சித் தளத்திலிருந்து அதை அனுப்பியிருந்தார்கள். தரையிறங்கும்போது கடைசி நொடியில் இடது இறக்கை சாய்கிறது என்று அங்கே பயிற்சி பெறும் ஒரு கேடட் புகார் சொல்லியிருக்கிறான். இரண்டு முறை அப்படி ஆகி, இரண்டு முறையும் பின்னால் இருந்த வாத்தியார் பாய்ந்து பிடித்துக் காப்பாற்றியிருக்கிறார். வாத்தியார்கள் தனித்தனியாக அதை ஓட்டிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார்கள். குறை விமானத்தில் இல்லையென்றால் கேடட்டிடம் இருக்கிறது என்று அர்த்தம். அவனைப் பயிற்சியிலிருந்து நீக்குவதற்குக் குழு கூடப்போகிறது. அதற்கு முன்னால் முறைப்படி எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள்.

விமானத்தை எடுத்துவரப் போனது நான்தான். தளத்தில் ஒல்லியாக ஒரு பையன் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான்.

"சார், நீங்க மர்பி டவுன்னு சொன்னாங்க."

"ஆமா. நீ?"

"கேடட் ஏழுமலை சார். கோலார் தங்க வயல். அந்த ப்ளேன் கம்ப்ளைன்ட்டு... நான் குடுத்ததுதான் சார்."

"என்னப்பா ஆச்சு? பயப்படாம சொல்லு."

"எறங்கசொல்ல, சக்கரம் தொடறதுக்கு முன்னாடி, எடது றெக்கை தானா சாயுது சார். நான் ஒண்ணுமே பண்றதில்ல. வேற ப்ளேன்ல நல்லாதான் எறக்கினேன். ஆனா அதுல நெறைய சான்ஸ் குடுக்கல."

"வாத்தியார் என்ன சொல்றார்?"

"'உன் கையில கோளாற வெச்சிக்கினு ப்ளேன சொல்லாத'ன்றார் சார்."

வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அப்பா சுரங்கத்துல பேசி வெச்சிருக்காரு சார். கீழ எறங்கற வேலை," என்றான். குரலில் அழுகை இல்லை. ஆனால் அவன் கண் என் மார்பில் இருந்த இறக்கைச் சின்னத்தை விட்டு நகரவே இல்லை. மர்பி டவுனிலிருந்து வந்தவனுக்கு அந்தப் பார்வை புரியாதா?

நான் விமானத்தைப் பெங்களூர்த் தளத்துக்குக் கொண்டுவந்து, மறுநாள் தனியாக எடுத்துக்கொண்டு போய் வாட்டி எடுத்தேன். அட்டவணையில் இருக்கிற சோதனை எல்லாம் செய்தேன். வேகமாகப் போகும்போது கையை விட்டுப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. வேகத்தைக் குறைத்து, காற்று இறக்கையைத் தாங்காமல் விழுகிற நிலை வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். மூக்கு மட்டும் பதவிசாகக் கீழே போயிற்று. இறங்கி வந்து, "சார், விமானம் சரியாக இருக்கிறது" என்று மெஹ்ராவிடம் சொன்னபோது எனக்கே அது பிடிக்கவில்லை.

மெஹ்ரா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் ஏன் இந்த முகம்?"

ஏழுமலை சொன்னதைச் சொன்னேன். அவர் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். 'நானும் வருகிறேன்' என்று அர்த்தம்.

நான் முன் இருக்கை, அவர் பின் இருக்கை. ஊருக்குக் கிழக்கே ஹொஸ்கோட்டே ஏரிக்கு மேலே நல்ல உயரத்துக்குப் போனோம். எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். என் சோதனையில் அவர் கை படக் கூடாது என்று கம்பியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக இறங்குகிற நிலையில் ஒரு முறை பார்க்கலாம் என்று ஃப்ளாப் என்கிற இறக்கைத் தட்டுகளைக் கீழே இறக்கி, எஞ்சினைக் குறைத்து, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பேசும் கருவி கரகரவென்றது. அதற்குள்ளே அவர் குரல்: "நான் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"சரி சார், கன்ட்ரோல் உங்களிடம்" என்றேன். கூடவே, நம் ஊரில் சரி என்று சொல்லும்போது ஆட்டுவோமே, அப்படித் தலையையும் ஆட்டினேன். கரகரப்புக்கு நடுவே பதில் போல ஏதோ கேட்டது. கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் என்ன நேர்த்தியாக ஓட்டுகிறார் என்று ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் அசைவு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்த்துத் திருப்பினார். ஏரியைப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்து நானும் எட்டிப் பார்த்தேன். சாய்வு அதிகமாகிக்கொண்டே போயிற்று. இவ்வளவு மெதுவாகப் போகும்போது இவ்வளவு சாய்ப்பது அவர் வழக்கமில்லையே என்று நான் நினைத்ததும் இடது இறக்கை பொத்தென்று விழுந்தது. ஏரி என் தலைக்கு மேலே வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து கம்பியைப் பிடித்தோம். நல்லவேளை, இருவருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையும் ஒரே திசையில்தான் இழுத்தன. விமானம் நிமிர்ந்தது. நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். மெஹ்ரா ஓட்டிவந்து இறக்கினார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு மெதுவாகப் பேசினார். கிட்டே போனேன்.

"எதற்காக இடது பக்கம் திருப்பினாய்?"

"நான் திருப்பவில்லை சார். கன்ட்ரோல் உங்களிடம் இருந்தது."

"என்னிடமா? எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றாய்."

"சரி என்றுதான் சொன்னேன் சார்."

"என் காதில் எதுவும் விழவில்லை. நீ தலையை ஆட்டியதைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஆட்டினாய்."

"அது சரி என்கிற ஆட்டல் சார்."

"ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி நில்," என்றார் மெஹ்ரா. நின்றேன். "சரி என்று சொல்." ஆட்டினேன். "வேண்டாம் என்று சொல்." ஆட்டினேன். "மறுபடி சரி என்று சொல்." எத்தனை முறை ஆட்ட வைத்தார் என்று நினைவில்லை. பிறகு தரைக் குழுவில் இருந்த கன்னடக்காரரையும் மலையாளியையும் கூப்பிட்டு, அவர்களையும் முதுகைக் காட்டி நிற்க வைத்துச் சரி சொல்லச் சொன்னார். மூன்று தலையும் பக்கவாட்டில் போய் வந்தன.

"முகத்தைப் பார்த்தால் புரிகிறது," என்றார் மெஹ்ரா. "பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் வேண்டாம்தான்."

பிறகு திடீரென்று அவர் முகம் மாறியது. "அப்படியானால் விமானத்தை யார் ஓட்டியது?"

"யாரும் ஓட்டவில்லை சார்."

இந்த இடத்தில் என் உத்தியோகம் போயிற்று என்றுதான் நினைத்தேன். கன்ட்ரோல் யாரிடமும் இல்லாமல் விமானம் பறந்தது என்பது அவர் அகராதியில் கொலைக் குற்றம். ஆனால் அவர் என்னை மறந்தே போய்விட்டார். நடந்து போய் இடது இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"நீ சாய்க்கவில்லை. நானும் சாய்க்கவில்லை," என்றார்.

"அதுவாகவே சாய்ந்தது சார்." சொல்லும்போதே எனக்கு ஏழுமலையின் நினைவு வந்தது.

பேசும் கருவியைச் சரி செய்யச் சொல்லி, அன்று மத்தியானமே மறுபடி போனோம். இந்த முறை அதே மெதுவான வேகம், தட்டுகள் கீழே. இருவரும் "கையை எடுத்தாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லி, கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். போலீஸ் பிடித்த திருடர்கள் மாதிரி இரண்டு ஆபீசர்கள். விமானம் இடது பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தி மறுபடி செய்தோம், சாய்ந்தது. வேகத்தைக் கூட்டிக் கையை எடுத்தோம், நேராகப் போயிற்று. எனக்கு அந்த உயரத்திலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. கைதான் தலைமேல் இருந்ததே.

பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். எப்போதோ ஒரு முரட்டு இறக்கத்துக்குப் பிறகு இடது இறக்கையைக் கழற்றி மாட்டியபோது, கோணம் துளி பிசகியிருக்கிறது. விமானம் ஒரு பக்கம் இழுப்பதைப் பார்த்த யாரோ, இறக்கையின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகட்டை வளைத்து அதைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். சக்கரம் கோணலான சைக்கிளில் ஹேண்டிலைத் திருப்பி வைத்து நேராக ஓட்டுகிற கதை. வேகமாகப் போனால் தகட்டில் காற்று பலமாகப் பட்டு இறக்கையைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போனால் தகட்டுக்குப் பலம் போதாது, இறக்கை சாயும். விமானம் மெதுவாகப் போவது எப்போது? இறங்கும்போது.

அப்படியானால் வாத்தியார்களுக்கும் எனக்கும் ஏன் தெரியவில்லை? இதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. எங்கள் கை கால்களுக்கு அவ்வளவு பழக்கம். இறக்கை நூலளவு அசைந்தாலே, எங்களைக் கேட்காமல், எங்களுக்கே தெரியாமல், அவை சரி செய்துவிடுகின்றன. ஏழுமலைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதனால் அந்த விமானம் தன் கோளாறை அவனிடம் மட்டும் காட்டியது.

குழு கூடிய நாளில் மெஹ்ராவும் நானும் ஜீப்பில் போனோம். எனக்கு ஒரு கவலை. இரண்டாவது முறை வேண்டுமென்றே கையை எடுத்துச் செய்த சோதனையை மட்டும் சொன்னால் போதும், பையன் தப்பித்துவிடுவான். முதல் முறை நடந்ததைச் சொன்னால் மெஹ்ராவுக்குத்தான் கேடு. அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். பொறுக்காமல் வாயைத் திறந்தேன்.

"சார், இந்தச் சோதனை எப்படித் தோன்றியது என்று கேட்டால், அனுபவத்தில் தோன்றியது என்று சொல்லிவிடலாமே."

"யாருடைய அனுபவத்தில்?" என்றார் மெஹ்ரா.

நான் பயந்தபடியே கேட்டார்கள். குழுவின் தலைவர் ஒரு க்ரூப் கேப்டன், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஆள். "மெதுவான வேகத்தில் கையை எடுத்துப் பார்ப்பது எந்த அட்டவணையிலும் இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

மெஹ்ரா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கருவி கெட்டது, நான் தலையை ஆட்டியது, அவர் வேண்டாம் என்று புரிந்துகொண்டது, கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி வற்புறுத்தாமல் தான் விட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

க்ரூப் கேப்டன் சிரிக்கவில்லை. "ஸ்குவாட்ரன் லீடர், இரண்டு பைலட்டுகள் உள்ளே உட்கார்ந்திருக்க, விமானத்தை யாரும் ஓட்டவில்லை என்றா என்னிடம் சொல்கிறீர்கள்?"

"ஆமாம் சார். எங்களில் ஒருவர் ஓட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. நாங்கள் நன்றாக ஓட்டுகிறவர்கள், குறையை மறைத்துவிட்டோம். கேடட் அதை மறைக்கத் தெரியாதவர். அவர் சொன்னது உண்மை."

நான் பல ஆபீசர்களுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் மெஹ்ராவின் பக்கத்தில் நின்றதைப் போல எனக்குப் பெருமையாக இருந்தது வேறெப்போதும் இல்லை. பிற்பாடு பதக்கம் வாங்கியபோதும் இல்லை.

மெஹ்ராவுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பிரிவின் நிரந்தர உத்தரவுகளில் மட்டும் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'பறக்கும்போது தலையசைப்பு பதிலாகக் கருதப்படாது.' பசங்கள் அதற்கு 'தனபால் ஆர்டர்' என்று பெயர் வைத்தார்கள். என் பெயரில் விமானப்படையில் ஒரு விதி இருந்தது, இதை எத்தனை பேர் சொல்லிக்கொள்ள முடியும்?

ஏழுமலைக்கு மன்னிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு வாய்ப்புக் கிடைத்தது. வேறு தளத்திலிருந்து வரும் புது வாத்தியார் ஒருவர் அவனைச் சோதிப்பார். அவர் சரி என்றால் தனியாக ஒரு சுற்றுப் போய் இறங்க வேண்டும். அவன் வாழ்க்கையில் முதல் தனிப் பறப்பு. அதில் சொதப்பினால் கோலாருக்கு ரயில்தான். எந்த விமானம் வேண்டும் என்று கேட்டபோது, பழுது பார்த்து வந்திருந்த அதே விமானத்தைக் கேட்டிருக்கிறான். "உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் தமிழில் திட்டினேன்.

"இல்ல சார். கொற சொன்னது நான். சரியாச்சான்னு நான்தானே பாக்கணும்," என்றான்.

சோதனை முடிந்து வாத்தியார் இறங்கிக்கொண்டார். காலியாகப் போகும் தன் இருக்கையின் பட்டைகள் எதிலும் சிக்காதபடி இறுக்கிக் கட்டிவிட்டு, ஏழுமலையின் தோளில் தட்டிவிட்டு நடந்து வந்தார். விமானம் கிளம்பிப் போயிற்று. மெஹ்ராவும் நானும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல்லில் நின்றோம். அது சுற்றி வந்து, வேகத்தைக் குறைத்து, தட்டுகளை இறக்கிக்கொண்டு பாதையை நோக்கி வந்தபோது நான் வாய்விட்டே சாமியைக் கூப்பிட்டேன். மெஹ்ரா உள்ளங்கையை மூடித் திறந்துகொண்டிருந்தார். சக்கரம் தொடுவதற்கு முன்னால் ஒரு பக்கக் காற்று அடித்தது. இடது இறக்கை லேசாக அசைந்தது. அசைந்த உடனே நிமிர்ந்தது. மூன்று சக்கரமும் மெத்தென்று ஓடுபாதையில் உட்கார்ந்தன.

"அவனுக்குப் பழக்கம் வந்துவிட்டது," என்றார் மெஹ்ரா.

விமானம் வந்து நின்றதும், ஓட்டிவந்தவரிடம் விமானம் எப்படி இருக்கிறது என்று தரைக் குழுவின் கார்ப்பரல் கேட்க வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் அது அடுத்த முறை பறக்கும். வாத்தியாரும் கேடட்டும் போயிருந்தால் வாத்தியாரிடம்தான் கேட்பார்கள். கேடட்டின் முகத்தைக் கூட யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழுமலை இறங்கி நின்றான். கார்ப்பரல் ஓர் ஒரிசாக்காரர். விறைப்பாக நின்று, "ஜஹாஜ் டீக் ஹை, சார்?" என்று, விமானம் சரியாக இருக்கிறதா என்பதை இந்தியில் கேட்டார்.

ஏழுமலை பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. மறுபடி கார்ப்பரலைப் பார்த்தான். பிறகு, "சரியா கீது... நேரா போவுது," என்று தமிழில் வந்தது. கார்ப்பரல் விழித்தார்.

நான் மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் அடி முன்னால் வைத்தேன். மெஹ்ரா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"பைலட்டைக் கேட்டிருக்கிறார்கள்," என்றார். "பைலட் சொல்லட்டும்."

ஏழுமலை நிமிர்ந்து நின்று, தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "ஜஹாஜ் டீக் ஹை!"